அத்தானுக்கு ஒரு பொதி

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒரு சோதனைக் கோப்பு. ஒரு மென்பொருள் தமிழை வாய்விட்டுப் படிக்கிறதா என்று பார்க்க ஏதாவது நான்கு வரி வேண்டியிருந்தது. அடித்தேன். படிக்கவில்லை. வேறொன்றை மாட்டிவிட்டு இன்னும் நான்கு வரி அடித்தேன். இப்படி வளர்ந்ததுதான் இப்போது உங்கள் கையில் இருப்பது.

முதலில் அடித்தது இது:

மழை பிடித்துக்கொண்டது. குடையை மறந்த ஒருவன் ஓடிப்போய் ஒரு கடையில் ஒதுங்கினான். அங்கே ஏற்கெனவே ஒதுங்கி நின்ற

(விட்டுவிட்டேன். அங்கே ஒரு பெண்தான் நிற்பாள். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

அடைப்புக்குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வட்ட அடைப்பு என்னுடையது. சதுர அடைப்பு இன்னொருவருடையது. அவர் இரண்டாம் பகுதியில் வருவார்.

நான் எழுதுவது ஒரு எடிட்டரில். பார்த்தால் வெறும் கறுப்புத் திரை. ஆனால் நமக்கு வேண்டியதை அதில் மாட்டிக்கொண்டே போகலாம். எடிட்டரைச் செய்தவர்கள் தருவது கொஞ்சம்தான். முன்பின் தெரியாதவர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே வைத்திருப்பவை ஆயிரக்கணக்கில் உண்டு. பொதிகள் என்று பெயர். ஒரு பொதியைத் தேடி எடுத்து மாட்டினால், நேற்றுவரை செய்யாத ஒன்றை எடிட்டர் இன்று செய்யும். என்னிடம் எழுபத்திரண்டு பொதிகள் இருக்கின்றன. நான் எழுதிய புத்தகங்கள் நான்கு. என் நேரமெல்லாம் எங்கே போகிறது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அக்காவுக்கு இது தெரியும். ஒரு நாள் கூப்பிட்டாள்.

"நீதான் அந்தக் கறுப்புத் திரையில என்னென்னத்தையோ மாட்டி வச்சிருக்கியே. எழுத்தை வாசிச்சுக் காட்டற மாதிரி அத்தானுக்கு ஒண்ணு தேடிக் குடேன்."

"பாக்கறேன்க்கா."

"பாக்கறேன்னா எப்போ?"

மதியம் மறுபடியும் கூப்பிட்டாள். சாயங்காலம் மறுபடியும். அக்காவின் தொல்லை தாங்காமல்தான் தேட ஆரம்பித்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

2

அத்தானை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று நாலைந்து விதமாகப் பார்த்தேன்.

அவர் அமைதியான மனிதர்.

(பொய்.)

அவர் கண்டிப்பானவர்தான், ஆனால் உள்ளுக்குள்

('ஆனால் உள்ளுக்குள்' என்று வந்தாலே நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். நீங்களும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.)

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். இருபத்தாறு வருஷமாக. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, பிரித்தால் திரும்ப மடிக்கவே வராத தாள், அதை எழுத்தெழுத்தாகப் படிப்பதுதான் அவர் வேலை. அரை மாத்திரை என்பது ஆறு மாத்திரை ஆகிவிடக் கூடாது.

என் நான்கு புத்தகங்களையும் திருத்தியவர் அவர்தான். நான்குக்கும் சண்டை. 'இவன் மூன்றாம் அத்தியாயத்தில் இடது கையால் எழுதினான், ஒன்பதில் வலது கை. கை மாறியது எப்போது?' என்று ஓரத்தில் எழுதியிருப்பார். கோபம் பொத்துக்கொண்டு வரும். திருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

[எனக்கும் இல்லை.]

இந்த வருஷம் அவருடைய வலது கண்ணுக்குள் விழித்திரை கழன்றுவிட்டது. இரண்டு தடவை அறுவை. கண் தப்பியது. ஆனால் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் எழுத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தினம் எட்டு மணி நேரம் எழுத்தைப் பார்ப்பவரிடம்.

அச்சக மேலாளர் கெட்டவர் இல்லை. (கெட்டவராக ஒரு வரைவு எழுதினேன். பெரிய மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை.)

[மீசையா மனிதரா?]

மேலாளர் வீட்டுக்கே வந்து பேசினார். "கண்ணால படிச்சாலும் சரி, காதால படிச்சாலும் சரி, எனக்குத் தாள்ல பிழை இருக்கக் கூடாது. இன்னையிலேருந்து ரெண்டு வாரம் டைம். அந்த வியாழக்கிழமை பதினாறு பக்கம் கம்ப்யூட்டர்லயே தர்றேன். ரெண்டு பிழைக்குமேல உங்க கைய விட்டுப் போச்சுன்னா நான் வேற ஆளைப் பாக்கறதைத் தவிர வழியில்ல."

"நியாயம்தான்," என்றார் அத்தான்.

மேலாளர் போன பிறகு அத்தான் தன் அறைக்குப் போய், மூன்று சக்கரம் மட்டும் மிஞ்சியிருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர். அதில் படிக்க ஒன்றும் இல்லை.

3

பொதி தேடுவதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

முதலில் எடிட்டர்க்காரர்களே வைத்திருக்கும் பட்டியல். அங்கே எல்லாம் துடைத்து அடுக்கியிருக்கும். 'வாசி' என்று தேடினால் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. நிலா இன்று எத்தனையாம் பிறை என்று ஓரத்தில் காட்டும் பொதி. எழுத எழுத வரிமேல் ஒரு பூனை ஓடும் பொதி. ஐந்து நிமிடம் எழுதாமல் இருந்தால் திட்டும் பொதி. (மாட்டிக்கொண்டேன். எழுபத்துமூன்று.)

வாசிக்கும் பொதிகளை ஒவ்வொன்றாக மாட்டி, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவேன். முதலாவது, தமிழைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. இரண்டாவது ஒவ்வோர் எழுத்தாக உதிர்த்தது. 'மழை' என்று முடிப்பதற்குள் மழை நின்றிருக்கும். மூன்றாவது எழுத்தையெல்லாம் விட்டுவிட்டுக் குறிகளை மட்டும் படித்தது. "காற்புள்ளி. முற்றுப்புள்ளி. காற்புள்ளி. காற்புள்ளி."

அத்தான் சிரித்தார். அறுவைக்குப் பிறகு அன்றுதான்.

"பரவாயில்லையே எழுத்தாளரே. உங்க கதையில உருப்படியா இருக்கறதை மட்டும் பொறுக்கி எடுத்துடுச்சு."

அடுத்தது வெளியார் நடத்தும் பட்டியல். அதற்கப்புறம் பட்டியல்களின் பட்டியல். கதவைத் தட்டினால் ஆளே இல்லாத பக்கங்கள். ஒரு பொதியின் கீழே ஒருவர் 'வேலை செய்யவில்லை' என்று எழுத, பொதியைச் செய்தவர் 'எனக்குச் செய்கிறதே' என்று பதில் போட்டு, மூன்று வருஷமாக அந்தப் பேச்சு அப்படியே நிற்கிறது.

எட்டாம் நாள் யாரோ ஒருவருடைய சொந்தப் பக்கத்தில் அகப்பட்டது. இரண்டே வரி விளக்கம்: 'மாமனாருக்காக எழுதியது. தமிழ் வாசிக்கும். வேறு யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.' மாட்டியிருப்பவர்கள் ஆறு பேர். கடைசியாகக் கை வைத்தது ஐந்து வருஷத்துக்கு முன்பு. மாட்டினேன். எடிட்டர் புதிது, பொதி பழையது. திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைச்செய்தி.

அந்த முகவரிக்கு எழுதினேன். அத்தானுடைய கண், மருந்துத் தாள், வியாழக்கிழமை, எல்லாம். ஐந்து வருஷம் கிடந்த பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

'மாமனார் தவறிட்டாருங்க. அப்புறம் இதைத் தொறக்க மனசு வரல. நீங்க எழுதினதால தொறந்தேன். புது எடிட்டருக்கு ஏத்த மாதிரி நாளைக்குச் சரி பண்ணிடறேன். அவருக்குன்னு வச்ச வேகம் அப்படியே இருக்கு. ரொம்ப மெதுவா வாசிக்கும். உங்க அத்தானுக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, மாத்திடறேன்.'

அத்தானிடம் வாசித்துக் காட்டினேன்.

"அந்த வேகமே இருக்கட்டும்னு எழுது," என்றார்.

சொன்னபடி மறுநாள் சரியாகி வந்தது. தேட ஆரம்பித்துப் பதினோராம் நாள் என் எடிட்டர் வாய் திறந்து தமிழ் வாசித்தது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்றாள்.

4

(இங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டேன். பொதி திட்டியது. எழுதுகிறேன், எழுதுகிறேன்.)

பழகுவதற்கு அத்தானுக்கு ஏதாவது எழுத்து வேண்டும். அவர் முன்னால் பார்த்திராத, பிழை மலிந்த எழுத்து. "உன்னோடதைவிட்டா வேற எங்க போறது?" என்றார். அப்படித்தான் இந்தச் சோதனைக் கோப்பு அவர் கைக்குப் போயிற்று. எஃப் எட்டாம் பொத்தானை அழுத்தினால் வாசிக்கும். காது கொடுத்துக் கேட்டு, நிறுத்தி, திருத்தி, மறுபடி எஃப் எட்டு. செவ்வாயும் புதனும் அதேதான் வேலை.

புதன் மதியம், என் கதைகளைப் போடும் பத்திரிகையின் ஆசிரியரிடமிருந்து அழைப்பு.

"அம்மா, நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன் சார். ஏன்?"

"நேத்துலேருந்து நாப்பத்தோரு மெயில் வந்திருக்கு உங்ககிட்டேருந்து. எல்லாம் ஒரே கதை. ஒண்ணுல மேலாளருக்கு மீசை இருக்கு. அடுத்ததுல இல்ல."

நடந்தது இதுதான். எழுதுவதை நேரே அவருக்கு அனுப்பிவிடும் பொதி ஒன்றைப் போன வருஷம் மாட்டியிருந்தேன். அதற்கும் எஃப் எட்டுதான். இரண்டு பொதிகள் ஒரே பொத்தானைக் கேட்டால் எடிட்டர் ஒன்றைத்தான் விடும்; நமக்கு எச்சரிக்கையும் காட்டும். ஆனால் ஒரு பொத்தானுக்கு இரண்டு வேலை கொடுக்கும் பொதி ஒன்றும் என்னிடம் உண்டு. எச்சரிக்கைகள் கண்ணை உறுத்துகின்றன என்று அவற்றை மறைக்கும் பொதி இன்னொன்றும் உண்டு. எழுபத்துநான்கு பொதிகளோடு குடித்தனம் நடத்தினால் இதெல்லாம் நடக்கும்.

[எழுதுவது தவிர எல்லாம் நடக்கும்.]

வெட்கத்தோடு எஃப் எட்டு விஷயத்தை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் தொடர்ந்தார். "ஒண்ணு சொல்லணும். நாப்பத்தோரையும் படிச்சேன். போகப் போகப் பிழை குறைஞ்சுக்கிட்டே வருது. கடைசியில தேடினாலும் கிடைக்கல. யாரு பாத்தது?"

"எங்க அத்தான். காதாலயே பாத்தார்."

"அப்போ அவர் திருத்தினதையும் சேர்த்துக் கதையை இப்படியே பத்திரிகையில போடறேன். முடிவு மட்டும் இல்ல. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள வேணும். எஃப் எட்டை ஒரே ஒரு தடவை அழுத்துங்க, புண்ணியமாப் போகும்."

5

பிரச்சினை என்னவென்றால், இன்று புதன். அந்தப் பதினாறு பக்கம் நாளைக்கு.

முடிவு ஒன்று: மேலாளர் தாள்களைப் புரட்டுகிறார். ஒரு பிழைகூட இல்லை. எழுந்து வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு

(கை பிடிப்பவர் இல்லை மேலாளர். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுபவர்.)

முடிவு இரண்டு: மூன்று பிழை போய்விடுகிறது. வேலையும் போய்விடுகிறது. ஆனால் பத்திரிகை ஆசிரியர் தன் அலுவலகத்திலேயே

(இது எனக்கே கொஞ்சம் இனித்தது. ஆனாலும் நாளைக்குத் தோற்றுப்போவார் என்று இன்றைக்கே எழுத என் கை வரவில்லை.)

முடிவு மூன்று: மின்சாரம் போய்விடுகிறது.

(சோம்பேறித்தனம்.)

மூன்றையும் அத்தான் கேட்டார். நான்கு சக்கரமும் கிறீச்சிட நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நாளைக்கு நடக்கப்போறதை இன்னிக்கே எப்படி எழுதுவே?"

"கதைதானே அத்தான்."

"எதிர்ல இருக்கற பக்கத்தைத்தான் திருத்த முடியும். வராத பக்கத்துல யாராலயும் பிழை பாக்க முடியாது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கை முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தது. பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் பயந்தேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இந்தக் கதைக்குள் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்தேன். எழுத்துப்பிழை இல்லை, அவரால் தூக்கத்திலும் அதைப் பிடிக்க முடியும். ஒரு பகுதியில் ஒன்றும் இன்னொரு பகுதியில் வேறொன்றுமாகச் சொல்லும் பிழை. கண்ணால் படிப்பவர் பின்னால் புரட்டிப் பார்க்கலாம். காதால் படிப்பவர் மனதில் வைத்திருந்தால்தான் உண்டு. அதைப் பிடித்துவிட்டால் நாளைக்கு நான் கவலைப்பட மாட்டேன். பிடிக்காவிட்டால்

(இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

6

ஐந்தரை மணிக்கு முழுக்கதையையும் முதலிலிருந்து ஓடவிட்டார். (வாசிப்பதை எஃப் ஒன்பதுக்கு மாற்றியிருந்தேன்; எஃப் எட்டு இனி அனுப்ப மட்டும். பிழை வைத்ததைச் சொல்லும் பத்தியை மட்டும் அப்போது எடுத்துவைத்திருந்தேன்.) முன்பின் தெரியாத ஒரு மாமனாரின் வேகத்தில் அது நிதானமாக வாசித்தது. கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"கீபோர்டை இப்படித் தள்ளு," என்றார். அவர் அடித்தது கீழே இருக்கிறது. நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

[பிழை இரண்டு.

பகுதி 2: நாற்காலிக்கு மூன்று சக்கரம். பகுதி 5: நான்கு. வேண்டுமென்றே வைத்தது என்று தெரிகிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடமா இதை வைப்பது?

பகுதி 1: 'அக்காவின் தொல்லை தாங்காமல்தான் தேட ஆரம்பித்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.' பகுதி 3: பதினொரு நாள் தேடியிருக்கிறாய். உன் அக்கா எதையும் இரண்டு நாளுக்குமேல் ஞாபகம் வைத்துக்கொண்டு தொல்லை செய்தவள் இல்லை. பொருந்தவில்லை.]

இரண்டாவதை நான் வைக்கவில்லை.

திரை எனக்குக் கலங்கலாகத் தெரிந்தது. அத்தான் விரலை எஃப் எட்டின்மேல் வைத்துக்கொண்டு, சிரிப்பை மறைக்காமல் கேட்டார்.

"மணி ஆறாகப்போகுது. ரெண்டாவதைத் திருத்தவா, அப்படியே விடவா?"

நாற்பத்துநான்கு வயதில், நான்கு புத்தகம் எழுதியவளுக்கு, அந்த ஒரு வரியை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் அழுத்திவிட்டார். (இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் அப்புறம் ஆசிரியரிடம் போனில் சொன்னேன்; முதல் பகுதி அதற்குள் அச்சுக்குப் போய்விட்டது.)

அதனால் அந்த வரி முதல் பகுதியில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கையில் ஒரு பென்சில் இருந்தால், கொஞ்சம் பின்னால் போய் எனக்காக அதை அடித்துவிடுங்கள்.