முன்கதவைத் தட்டியவள்

என் மாமியாருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று வந்த புதிதிலேயே முடிவு கட்டிவிட்டேன். இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டுமா என்ன? பிடித்த மருமகளைப் பார்த்து எவளாவது பேயறைந்த மாதிரி நிற்பாளா?

மாமியார் ஃபிலோமினாவின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த மேட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சோள அடை சுட்டு, சூடு ஆறாமல் துணியில் சுற்றி, நல்ல கோட்டாக மாட்டிக்கொண்டு போவேன். முன்கதவை மரியாதையாகத் தட்டுவேன். பொகோட்டாவில் என் அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தாள். உள்ளே ஏதோ கீழே விழும் சத்தம் கேட்கும். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்காது. அப்புறம், கடல் ஈரத்தில் உப்பி இறுகிப்போன அந்தக் கதவை இழுத்து இழுத்துத் திறப்பாள். முகத்தில் ரத்தமே இருக்காது. என்னைப் பார்ப்பாள், என் தோளுக்குப் பின்னால் சாலையைப் பார்ப்பாள், மறுபடி என்னைப் பார்ப்பாள். “ஓ, நீயா” என்பாள். தேநீர் கொடுக்கும்போது கோப்பை தட்டில் கடகடவென்று ஆடும். கோபத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அவள்தான் அப்படி என்றால் ஊராவது ஒழுங்காக இருந்ததா? எங்கள் கொலம்பியாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்தபோது என் கணவன் டெர்மட் என்னிடம் அளந்த கதை கொஞ்சமா நஞ்சமா? கனடாவில் அவன் பிறந்த இந்த நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் எல்லாரும் சொந்தக்காரர் மாதிரிப் பழகுவார்களாம். கடையில் முன்பின் தெரியாத பெண் “என்ன வேணும் தங்கம்” என்பாள். தபால்காரர் “பாத்துப் போ கண்ணு, வழுக்கும்” என்பார். ஆனால் இந்தக் கண்ணின் வீட்டுக் கதவை ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட வந்து தட்டியதில்லை. வாயில் மட்டும் தங்கமாம்!

ஒரு காலையில் கதவுக் கைப்பிடியில் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கியது. உள்ளே ரத்தம் சொட்டும் பெரிய இறைச்சித் துண்டு. நான் வளர்ந்த தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உயிர்மேல் ஆசை இருந்தால் ஓடிப் போய்விடு. அதைக் குப்பையில் வீசிவிட்டு, எப்போதும்போல் இரண்டு தாழ்ப்பாளையும் சங்கிலியையும் மாட்டிவிட்டு, போனில் டெர்மட்டிடம் அழுதேன். அவன் சிரிக்கிறான். அது மூஸ் மான் கறியாம். வேட்டைக்குப் போன யாரோ பங்கு கொடுத்திருக்கிறார்களாம். யார் என்று கேட்டேன். யாராக இருந்தால் என்ன என்றான். கொடுக்கிறவன் கதவைத் தட்டி, கையில் கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

டெர்மட் நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஆல்பர்ட்டாவுக்கு, மாதக்கணக்கில் தங்கிச் செய்யும் முறை வேலைக்குப் போகும்போது ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு அவன் வரும்வரை நான் இங்கே இருந்து பார்க்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் வீட்டை விற்றுவிட்டு அந்தப் பக்கமே கால்கரி நகரத்துக்குக் குடி போய்விடலாம். நான் சொல்வதுதான் முடிவு. சுலபமாகச் சொல்லிவிட்டான். அவனுடைய அப்பா கடலில் மூழ்கிப் போனவர். அம்மாவுக்கு இருப்பது ஒரே மகன். அவனைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனவள் என்ற பெயர் யாருக்கு வரும்? எனக்குத்தானே. இருந்தாலும் டிசம்பர் பிறந்ததும் நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். என்னை வேண்டாதவர்கள் நடுவில் நான் ஏன் கிடந்து சாக வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மத்தியானம் டெர்மட்டிடமிருந்து போன் வந்தது. அவன் வேலை செய்யும் இடத்துப் பக்கம் ஒரு பேருந்து கவிழ்ந்துவிட்டது, நம் ஊர்ப் பையன்கள் போகிற பேருந்து, வானொலியில் சொல்லியிருப்பார்கள், நான் அதில் இல்லை என்று படபடவென்று சொன்னான். “அம்மாவுக்கு லைனே கெடைக்கல, ஊரே அவங்களுக்குத்தான் போன் பண்ணுது போல. நீ ஓடிப் போய்ச் சொல்லிடு யோலி, சீக்கிரம்.”

கோட்டுகூடப் போடவில்லை. பனியில் விழுந்து எழுந்து ஓடினேன். அந்த முன்கதவை, முதல் தடவையாக மரியாதை எல்லாம் மறந்து, இரண்டு கையாலும் தடதடவென்று தட்டினேன்.

உள்ளே ஓர் அலறல் கேட்டது. மனிதக் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை. நான் இன்னும் வேகமாகத் தட்டினேன். சமையற்கட்டுப் பக்கமிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு என் நாத்தனார் மொரீன் ஓடிவந்தாள். வந்த வேகத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“உயிரோட இருக்கானா?”

“இருக்கான். அவன் அந்தப் பஸ்ஸுலயே போகல. அதச் சொல்லத்தான் ஓடிவந்தேன்.”

மொரீன் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும்.

“பின்ன ஏண்டி முன்கதவத் தட்டுற? எங்கப்பா போன அன்னிக்குப் பங்குச் சாமியாரும் போலீசும் வந்து இதத்தான் தட்டினாங்க. அதுக்கப்புறம் அவர் சவப்பெட்டிய வெளிய எடுக்கத்தான் இதத் தெறந்தது. இந்த ஊர்ல எவனும் கதவத் தட்ட மாட்டான், பின்பக்கமா நேரா உள்ள வருவான். நீ ஒருத்திதான் வாராவாரம் வந்து எங்கம்மாவச் சாகடிச்சிட்டுப் போற.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதத்தில் ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்? டெர்மட்டாவது சொல்லியிருக்க வேண்டாமா? நான் கத்த, அவள் கத்த, இரண்டு பேரும் கத்திக்கொண்டே பின்பக்கமாக உள்ளே போனோம்.

சமையற்கட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மாமியார் தரையில் அடுப்போரமாகச் சாய்ந்து கிடந்தாள். நான் மண்டியிட்டு, டெர்மட் நன்றாக இருக்கிறான், இப்போதுதான் பேசினான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். காதில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அவளத் திட்டாத மொரீன்” என்றாள், மூச்சு வந்ததும். “நான்தான் யாரும் சொல்லக் கூடாதுன்னேன். அது அவங்க ஊரு மரியாத. சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு வர்றதையே நிறுத்திடுவாளோன்னு பயமா இருந்துச்சு.”

“ஒவ்வொரு வாட்டியும் நீங்க என்னப் பாத்து…” என்று ஆரம்பித்தேன்.

“ஒவ்வொரு வாட்டியும் எம்புள்ள போயிட்டான்னுதான் தெறப்பேன் கண்ணு. தெறந்தா நீ அடையோட நிப்ப. ‘ஓ, நீயா’ன்னு எனக்குப் போன உசுரு திரும்பி வரும்.”

இப்போது அழுகை வந்தது. அவள் மடியிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பிறகு, கேட்காமல் விட்டால் தலை வெடித்துவிடும் என்று, என் வீட்டுக்கு ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று அந்தப் பெண்களிடம் கேட்டேன்.

“வந்தோமே தங்கம்” என்றாள் கடைக்காரி. “எப்ப வந்தாலும் பூட்டியே இருக்கு. பட்டப்பகல்ல பூட்டி வெச்சா, யாரும் வராதீங்கன்னுதானே அர்த்தம்? எங்க வீட்டுக்காரர் கறி கொண்டாந்தாரு, கைப்பிடியில மாட்டிட்டு வந்துட்டாரு.”

அந்தக் கறி போன இடத்தை நான் சொல்லவில்லை. நன்றாக இருந்தது என்றேன்.

மறுநாள் காலையில் தாழ்ப்பாள் இரண்டையும் எடுத்து, சங்கிலியையும் கழற்றிவிட்டேன். பூட்டாத வீட்டுக்குள் குளிக்கப் போவது எனக்கு நடுத்தெருவில் குளிக்கிற மாதிரி இருந்தது. அரைகுறையாகக் குளித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படி இறங்கினால், சமையற்கட்டிலிருந்து பேச்சுச் சத்தம்.

என் மாமியார் என் வாணலியில் ரொட்டி மாவைப் பொரித்துக்கொண்டிருந்தாள். மசாலா டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்திருந்தாள். மொரீன் என் அலமாரியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மேசையில், ரப்பர் பூட்ஸோடு, நான் ஜென்மத்தில் பார்த்திராத ஒரு கிழவர் உட்கார்ந்து, என் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பி என்னை வாவென்று சொல்லவில்லை. என் வீட்டுக்குள் வர என்னைக் கேட்டார்களா? கத்த வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. அதுவும் எதற்கென்று தெரியவில்லை.

போன் அடித்தது. டெர்மட். ராத்திரியெல்லாம் அவனுக்குத் தூக்கம் இல்லையாம். கால்கரி விஷயம் என்ன முடிவு செய்தாய், எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன், இப்போதே சொல்லிவிடு என்றான்.

“இப்பப் பேச முடியாது, வை” என்றேன். “வீட்ல ஆளுங்க இருக்காங்க.”

“யாரு?”

“ஒருத்தர் யாருன்னே தெரியல” என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றப் போனேன்.