பன்னிரண்டு நாள் கட்டணம்

அந்தக் காப்பகத்தில் அவள் எல்லோருக்கும் அக்கா. நான்கு வயதுக் குழந்தைக்கும் அக்கா, அதைக் கொண்டுவந்து விடுகிற நாற்பது வயது அப்பாவுக்கும் அக்கா. நிஜமாகவே அப்படிக் கூப்பிடும் உரிமை உள்ளவன் ஒருவன்தான், அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பள்ளி விட்டதிலிருந்து மாலை ஏழு மணி வரை இருபத்து மூன்று பிள்ளைகளை இருவரும் பார்த்துக்கொண்டார்கள். உதவிக்கு இரண்டு பெண்கள் உண்டு. தம்பி பால் காய்ச்சுவான், முட்டை அவிப்பான், முற்றத்தில் பந்து விளையாடி வேண்டுமென்றே தோற்பான். வீட்டுப்பாடம், சண்டைத் தீர்ப்பு, கட்டணம் மூன்றும் அக்காவின் இலாகா. முதல் இரண்டிலும் அவளிடம் இரக்கம் கிடைக்கும். மூன்றாவதில் கல்லில் நார் உரிக்க வேண்டும்.

ஒரு மாதம் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாடி வீட்டுக் குளியலறையில் குழாய் வெடித்தது. அங்கே குடியிருப்பவர்கள் ஊரில் இல்லை. காலை முழுக்க இறங்கிய தண்ணீர், மத்தியானம் காப்பகத்தின் கூரைப் பூச்சைப் பாய் அகலத்துக்குப் பெயர்த்து, பிள்ளைகள் படம் வரைகிற மேசைமேல் போட்டது. விடுமுறை நாளாக இருந்ததால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கொத்தனார் வந்து ஒரு கழியால் தட்டிப் பார்த்தார். தட்டின இடமெல்லாம் பொத்துப் பொத்தென்று உதிர்ந்தது.

"கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையால்ல இருக்கு! ரெண்டு வாரத்துக்குக் குறையாதும்மா" என்றார்.

அக்கா அன்றே பெற்றோர் குரூப்பில் செய்தி போட்டாள். முதல் நாள் எல்லோரும் "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல, அதுவே போதும்" என்று உருகினார்கள். மூன்றாம் நாள் உருகல் நின்றது. பல் டாக்டரம்மா ஆரம்பித்து வைத்தாள்: "மாதக் கட்டணம் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. பிள்ளைகளைப் பார்க்காத நாட்களுக்கான பணத்தை எப்போது திருப்பித் தருவீர்கள்?" அதற்குக் கீழே பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அக்கா விதித்தாளின் ஆறாவது விதியைப் படமெடுத்துப் போட்டாள். எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படாது. கீழே அத்தனை பேரின் கையெழுத்தும் இருந்தது.

"குடுத்துடலாமேக்கா" என்றான் தம்பி.

"எதுலேர்ந்து? கூரையை வீட்டுக்காரர் பாத்துக்கறாரு, சரி. வாடகையை விட்டாரா? கதவு மூடினா வாடகையும் வாயை மூடிக்குமா? அந்த ரெண்டு பொண்ணுங்களையும் சம்பளம் இல்லாம வீட்டுக்கு அனுப்பிடவா? குழாயை நானா உடைச்சேன்?"

"அவங்களும்தான் உடைக்கல."

"நீ போய் பாலைக் காய்ச்சு!" என்றாள். காய்ச்சிய பாலைக் குடிக்கப் பிள்ளைகள் இல்லை என்பது அப்புறம்தான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. இருவரும் ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்தார்கள்.

பத்தாம் நாள் மாலை, சுவருக்கு அடிக்க வர்ணம் பார்க்கக் கடைக்குக் கிளம்பினாள். பேருந்தில் ஏறிச் சீட்டு வாங்கித் திரும்பினால், ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் வாயாடி உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. காப்பகத்தில் அவள் பேச்சை நிறுத்தவே தனியாக ஓர் ஆள் போடலாம் என்று தம்பி சொல்வான். மடியில் புத்தகப் பை, காலுக்கடியில் தண்ணீர் பாட்டில்.

"அக்கா! நீங்க எந்த ஸ்டாப்பு?"

"பெயின்ட் கடைக்குடி. நீ எங்க போறே?"

"எங்கயும் போகல. இது நாலாவது ரவுண்டு. இன்னும் ரெண்டு இருக்கு."

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தார். அவர்தான் வாயாடியின் அப்பா. அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, மாலை ஏழுக்குத்தான் முடியும்.

அக்கா வாயாடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து பார்த்தாள். பேருந்துக் குலுக்கலில் எழுதிய எழுத்துக்கள் திருவிழாக் கூட்டம்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வாயாடி எந்த நிறுத்தத்தில் நாய் நிற்கும், எந்தத் தாத்தா சீட்டு வாங்கத் தகராறு செய்வார் என்றெல்லாம் ஒப்பித்தாள். பாதி வாக்கியத்தில் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பேசும்போதே தூங்கிவிட்டால் எத்தனை அலுப்பு இருந்திருக்க வேண்டும்!

பெயின்ட் கடை வந்தது, போனது. அக்கா அசையவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, தோளை அசைக்காமல் மெல்லக் கேட்டாள்.

"தினமும் இப்படித்தானா?"

"ஒரு வாரத்துக்குத்தான் மேலதிகாரி சரின்னாரு. அப்புறம் கெஞ்சி இந்தச் சின்ன ரூட்டை வாங்கினேன். ஓவர்டைம் கிடையாது, ஆனா கண்ணெதிர்ல இருக்கா."

"குரூப்ல நீங்க ஒரு வார்த்தை எழுதலையே?"

"கூரை விழுந்து கிடக்கறவங்ககிட்ட என்னத்தைக்கா எழுதறது?" அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா கேட்டுட்டீங்க, பொய் சொல்ல மாட்டேன். குடுத்தா வாங்கிப்பேன்."

அந்த நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது. பதினேழு கட்டைவிரல்கள் அசைக்காததை அந்த இரண்டு வார்த்தை அசைத்தது.

வர்ணம் வாங்காமலே திரும்பி வந்தாள். தம்பி ஜன்னல் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாம். எல்லாருக்கும். முழுசா."

துணி அவன் கையிலேயே நின்றது. "பாதின்னு வெச்சுக்கலாமேக்கா. நம்ம தப்பும் இல்ல, அவங்க தப்பும் இல்ல."

"பாதிப் பிள்ளையையா பாத்துக்கிட்டோம்? ஒரு பிள்ளையையும் பாக்கல. பாத்துக்கறதுக்குத்தானே காசு?"

"எதுலேர்ந்து குடுப்பே?"

அவள் முற்றத்துப் பக்கம் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. முற்றத்துக்குச் சறுக்குமரம் வாங்க ஒரு வருஷமாக ஒரு கணக்கில் பணம் சேர்ந்துகொண்டிருந்தது. சறுக்குமரம் அவனுடைய கனவு. எங்கே நட வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடுகூடப் போட்டு வைத்திருந்தான்.

"இவ்வளவு நாள் குடு குடுன்னு நான் கத்தினேன், நீ மாட்டேன்னே. இப்ப நான் மாட்டேன்னு சொன்னா நீ என்ன பண்ணுவே?"

"உன் காதைத் திருகுவேன்."

அவன் சிரித்தான். பிறகு மறுபடி ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே ரொம்ப நேரம் துடைத்தான். அக்கா உள்ளே போய் அவனுக்குப் பிடித்த மாதிரி, சர்க்கரை தூக்கலாகத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "அடுத்த வருஷம் கட்டாயம் வாங்கிடலாம்டா" என்றாள். "ம்" என்றான்.

பன்னிரண்டு வேலை நாட்கள் போய், பதின்மூன்றாவது நாள் கதவு திறந்தது. வாசலில் மேசை போட்டு அக்கா உறைகளோடு உட்கார்ந்தாள். கையில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது அடுத்த மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். பலரும் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு பேர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். ஓட்டுநர் உறையை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லா இருங்கக்கா" என்று மட்டும் சொல்லிப் போனார்.

பல் டாக்டரம்மா நின்று நிதானமாக எண்ணினாள்.

"பதினோரு நாளுக்குத்தான் இருக்கு."

அக்காவின் முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் கணக்கில் அவள் சறுக்கியதே இல்லை. தம்பி திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினான். மீதியை எடுத்துக் கொடுத்ததும் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்பக் கடுமையா எழுதிட்டேன், இல்ல? என் பையனை கிளினிக்ல உக்கார வெச்சிருந்தேன்க்கா. வர்ற பேஷன்ட்கிட்டல்லாம் 'எங்கம்மா ஊசி போட்டா ரொம்ப வலிக்கும்'னு சொல்லியிருக்கான். ரெண்டு பேர் எழுந்து ஓடியே போயிட்டாங்க!"

அக்கா சிரித்த சிரிப்பில் உறைகள் மேசையிலிருந்து சரிந்தன. சிரித்து முடித்ததும் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள்: "ஆறாவது விதியை மாத்திடுங்க. மூடறது மூணு நாள் வரைக்கும்னா நாங்க பொறுத்துக்கறோம். எல்லா எடத்துலயும் நடக்கறதுதான். அதுக்கு மேல போனா நீங்க குடுங்க. ரெண்டு பக்கமும் தாங்கும்."

"நீங்களே எழுதிக் குடுங்க, ஒட்டிடறேன்" என்றாள் அக்கா. அங்கேயே எழுதினார்கள்.

அதற்குள் உள்ளே சத்தம் கூரையைத் தொட்டுவிட்டது. புதுப்பூச்சு தாங்குமா என்று அக்கா ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். வாயாடி வந்து அவள் முழங்காலில் கையை ஊன்றி நின்றாள்.

"அக்கா, நான் எங்கப்பாகூட இருந்தேன். நீங்க அத்தனை நாளும் யார்கூட இருந்தீங்க? உங்களை யாரு பாத்துக்கிட்டா?"

அக்கா யோசித்தாள். பிறகு பால் தூக்கோடு போய்க்கொண்டிருந்த தம்பியைக் காட்டினாள்.

"அதோ, அவன்தான்."

வாயாடி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"காசு குடுத்தீங்களா?"

"இல்லடி."

"பாவம்" என்று சொல்லிவிட்டு, அவன் பின்னாலேயே பாலுக்கு ஓடினாள்.