அம்மா கழித்துப் போட்ட மணிகள்

பருப்பு மில்லில் சொத்தை மணிகளைப் பொறுக்கி ஒதுக்குவதுதான் அம்மாவின் வேலை. அவள் ஒதுக்கிய கழிவில் அரை மூட்டை வாங்கிவந்து, இரண்டு மாதம் உட்கார்ந்து, பலகையில் மணி மணியாக ஒட்டி அவள் முகத்தையே உருவாக்கினேன். நெற்றிச் சுருக்கத்துக்குச் சூம்பிய மொச்சை, கண்ணுக்குக் கீழே கருத்துப்போன துவரை.

“அச்சு அசல் உங்கம்மாதான்!” என்று அப்பா அசந்துபோனார்.

அம்மாவோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மணியாக நகத்தால் தடவிப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முகத்தைப் பாரும்மா! அது நீதான்!”

“தெரியுதுடி, சும்மா இரு.”

கடைசி மணிவரை பார்த்துவிட்டு அப்பா பக்கம் நிமிர்ந்தாள்.

“இத்தனை ஆயிரம் ஒட்டியிருக்கா. தப்பித் தவறிக்கூட ஒரு நல்ல மணியை நான் கழிச்சுப் போடலை, பாத்தீங்களா? என் கண்ணு அப்படி!”