முளைக்க நாலு மாதம்

லிஃப்டுக்குள் கண்ணாடி வைக்கச் சொன்னவன் யாரென்று தெரிந்தால் அவனை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று லிஃப்ட் மெக்கானிக்குக்கு வெகுநாளாக ஆத்திரம். உச்சியில் வெள்ளை விளக்கு, எதிரே ஆளுயரக் கண்ணாடி. நாளைக்குப் பத்துத் தடவை தன் வழுக்கையைத் தானே பார்த்தாக வேண்டிய பிழைப்பு வேறு எவனுக்கு வாய்க்கும்?

ஆனாலும் அவனைக் கிளப்பிவிட்டது கண்ணாடி இல்லை, மனைவி. அவள் கடல் தாண்டிப் போய் நர்ஸ் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடம் ஆகிறது. தினமும் வீடியோவில் பேசுவாள். இவன் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

"என்னங்க, கொஞ்சம் நிமிருங்க. ரெண்டு வருஷமா உங்க மண்டையோடதான் குடும்பம் நடத்துறேன்" என்றாள் ஒருநாள்.

சொன்னவள் சிரித்துவிட்டு மறந்துபோனாள். இவனுக்கு அது முள்ளாகத் தைத்தது.

அவள் ஒரு மாத விடுமுறையில் வர இரண்டு மாதம் இருந்தது. யாரிடமும் மூச்சுவிடாமல் போய் முடி நட்டுக்கொண்டான். பின்னந்தலையிலிருந்து இரண்டாயிரத்து நானூறு வேர்களை எடுத்து முன்னந்தலையில் நட்டார்கள்.

"பின்பக்கம் பார்த்துக் கழுவிவிட வீட்ல ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"ஓ, இருக்காங்களே" என்றான்.

இருந்தது கைபேசி மட்டும்தான். அதைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துப் படம் எடுத்து, எங்கே பொருக்கு என்று பார்த்து, தானே தடவித் தடவிக் கழுவினான். ஏழு நாள் உட்கார்ந்தபடியே தூங்கினான். முதுகுக்கு இரண்டு தலையணை, ஒன்று அவளுடையது.

கேமரா கெட்டுவிட்டது என்று அவளிடம் சொல்லி வைத்தான். வந்து இறங்கும்போது புது மாப்பிள்ளை மாதிரி எதிரே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மூன்றாவது வாரம், துவட்டிய துண்டெல்லாம் முடி. பதறிப்போய், கொட்டியதையெல்லாம் ஒரு மாத்திரை டப்பாவில் பொறுக்கிப் போட்டு டாக்டரிடம் ஓடினான்.

"அன்னைக்கே சொன்னேனே! நட்ட முடி முதல்ல கொட்டிடும். வேர் பத்திரமா உள்ளதான் இருக்கு. முளைக்க ஆரம்பிக்கவே மூணு நாலு மாசம் ஆகும். அதுவும் முதல்ல மெலிசாத்தான் வரும். முழுசாத் தெரிய ஒரு வருஷம் ஆயிடும். டப்பாவைத் தூக்கிப் போடுங்க சார்."

பத்து நாளில் வேர் பிடித்துவிடும் என்று அன்று அவர் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அதோடு வேலை முடிந்தது என்று நாள் குறித்தவன் இவன்தான்.

அதன்பிறகு தொப்பியே கதி. "உள்ள முட்டை எதுவும் அடைகாக்கிறியாப்பா?" என்று கேட்டார் கூட வேலை பார்க்கும் மீசைக்காரர்.

ஆறாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரம். ஆறாம் மாடியில் லிஃப்டைத் திறந்தபடி நிறுத்திவிட்டு டிபன் டப்பாவைப் பிரித்தபோது அவள் அழைத்தாள்.

"கேமரா இன்னும் சரியாகலையா?"

"இல்ல."

"லிஃப்டையே ஒரு மணி நேரத்துல ஓட வைக்கிறீங்க. ஒரு போனுக்கு ஆறு வாரமா?" அவள் குரல் இறங்கியது. "வேற யாராச்சும் இருந்தா சொல்லிடுங்க. இன்னைக்கு லீவு லெட்டர் கொடுக்கணும். என் முகம் பார்க்கப் பிடிக்காத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்? பேசாம இங்கயே இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவன் தொப்பியைக் கழற்றினான். கேமராவைப் போட்டு, போனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தான்.

"இதுதான் விஷயம்" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தான். அவள் சிரிக்கவில்லை.

"முடியை விடுங்க. பேன்ட் ஏன் இப்படித் தொங்குது? பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டீங்களா?"

இத்தனை நாளில் அந்தக் கண்ணாடியில் தலைக்குக் கீழே அவன் பார்த்ததே இல்லை. ஆணியால் குத்திய ஓட்டைகள் இரண்டு.

"ஒரு ஆளுக்கு எதுக்குச் சமைக்கிறதுன்னு..."

"திரும்புங்க." பின்னந்தலையைப் பார்த்தாள். "யாரு கழுவிவிட்டது?"

"நான்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி. லெட்டர் கொடுத்துட்டு வரேன்."

"நீ வந்துட்டுப் போற வரைக்கும் இது மொட்டையாத்தான் இருக்கும். முளைக்கிறப்ப நீ இருக்கமாட்ட."

"தெரியுதுங்க. அதுக்குத்தான் போன் இருக்கே. ஆனா நிமிர வேண்டாம். எப்பவும் போல குனிஞ்சே சாப்பிடுங்க. தினம் எவ்வளவு வந்திருக்குன்னு நான் பார்த்துக்கிறேன். சாப்பிடுறீங்களான்னும் பார்த்துக்கிறேன்."

டியூட்டி மணி அடித்திருக்க வேண்டும், திரை அணைந்தது. அவன் லிஃப்டின் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். எதிரே கண்ணாடியில் இன்னொருவனும் உட்கார்ந்தான். தொப்பியைப் போட்டுக்கொள்ளாமல், தலையைக் குனிந்து, டப்பாவில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட ஆரம்பித்தான்.