தண்ணி வருதா

பீரோ சாவியைச் சபாபதியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்தாள் அவர் மனைவி தையல்நாயகி. பிடி நிற்கவில்லை. சாவி நழுவித் தரையில் 'டங்'கென்று விழுந்தது.

"இதுவும் இல்லியாம்" என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நீலாம்பாள். சபாபதிக்கு அக்கா. "வேற இன்னா சாவிடா தம்பி? லாக்கரு கீக்கரு வச்சிருக்கியா? தையலு, உனுக்குத் தெரியாம எதுனா வச்சிருக்கானா இவன்?"

"எனக்குத் தெரியாம அவரு வச்சிருந்தது அந்தப் படகு ஒண்ணுதான் அண்ணி. அதுவும் லாரில வந்து எறங்கின அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி."

காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் தணிந்த குரலில் சொல்லிவிட்டார். மகள் கலைவாணி பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். தறிக்கும் சுவருக்கும் நடுவில் பாய் போட்டுக் கிடத்தியிருந்த சபாபதியின் வாயிலிருந்து இரண்டே பேச்சுதான் மாறி மாறி வந்தது. ஒன்று, 'சாவி'. இன்னொன்று, 'தண்ணி வருதா'.

சாவி என்றால் பீரோவைத் திறந்தார்கள். தண்ணி என்றால் ஸ்பூனால் உதட்டை நனைத்தார்கள். இரண்டுக்கும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கேட்கிற எதையோ தன்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் தையல்நாயகிக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. சாவை அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. தென்னேரி இளங்கோவன். ஏரியில் வலை போடுகிறவன், படகில் சபாபதிக்குக் கூட்டாளி.

முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம் மீன் படகு வாங்கிய கதையைச் சொல்லிச் சிரிக்காத ஆள் பிள்ளையார்பாளையத்தில் இல்லை. "இன்னா சபாபதி, வெண்டைக்காய்க்கு வலை போடப் போறியா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவர் அசரவில்லை. "மீனு இளங்கோவுது, எஞ்சினு என்னுது" என்றார். கோவளம் பக்கத்தில் யாரோ ஓட்டித் தேய்த்த பழைய ஃபைபர் படகு அது. விரிசலை அடைத்துத் தென்னேரிக் கரையில் கவிழ்த்து வைத்தாயிற்று. எஞ்சின் மட்டும் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. பழைய சாய டிரம் ஒன்றில் நீர் நிரப்பி, எஞ்சினின் கீழ்ப்பாகமான கால் அதில் முங்கி நிற்கும்படி மரச்சட்டத்தில் மாட்டினார். நெய்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதோடுதான். அவர் கழற்றுவார், இவள் டார்ச் பிடிப்பாள். கையெல்லாம் கிரீஸோடு சாப்பிட வந்தால் திட்டுவாள்.

இளங்கோவன் பாயோரம் குனிந்தான். "அண்ணே, நாந்தான்."

சபாபதியின் கண் பாதி திறந்தது. "தண்ணி வருதா?"

நீலாம்பாள் ஸ்பூனை எடுத்தாள்.

"குடிக்கற தண்ணி இல்லமா அது" என்றான் இளங்கோவன். "எஞ்சினு ஓடறப்போ பின்னாடி ஒரு ஓட்டையில மெல்லிசா தண்ணி பீச்சணும். பீச்சலன்னா சூடேறி உள்ள வெந்துபூடும். அண்ணன் மயங்கி விழுந்த அன்னிக்கு ஸ்டார்ட் பண்ணாரு, தண்ணி வரல. உடனே நிறுத்திட்டாரு. அதையே நெனச்சிக்கினு இருக்காரு."

"அவ்ளோதானா? வருதுன்னு சொல்லிட்டுப் போயேன்பா. நிம்மதியாப் போவட்டும்."

இளங்கோவன் தையல்நாயகியைப் பார்த்தான்.

"சத்தமே கேக்காம எஞ்சினு ஓடுதுன்னா நம்புவாரா அண்ணி?" என்றாள் அவள். சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "இளங்கோ, புதுசா ஒரு ரப்பர் பூ வாங்கியாந்து மாட்டினாரே, தண்ணிய இழுக்கறதுக்கு. அதுக்குச் சாவின்னு எதுனா உண்டா?"

இளங்கோவன் நெற்றியில் அறைந்துகொண்டான். "உண்டுக்கா! அரைநிலா மாதிரி பித்தளைத் துண்டு. கடைக்காரன் 'கீ'ன்னான், இவரு 'சாவி'ன்னாரு. அது இல்லாங்காட்டி தண்டுதான் சுத்தும், பூ சுத்தாது."

பூவை மாட்டிய சாயங்காலம் டார்ச் பிடித்தவள் அவள்தான். அரைநிலா எதுவும் உள்ளே போனதாக நினைவில்லை. அதை மாட்ட மறந்ததை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கிடந்து அவரே கண்டுபிடித்திருக்கிறார்.

பூ வாங்கிவந்த கடைக் கவர் காலியாக இருந்தது. ஜன்னல் மேடை, சட்டைப் பை, எங்கும் இல்லை. தையல்நாயகி கூடத்தின் நடுவில் நின்று யோசித்தாள். மூக்குக் கண்ணாடி, செல்போன், வெற்றிலைப் பொட்டலம், கையில் எது இருந்தாலும் தறியில் வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிற மனுஷன். தறிக்குழியில் இறங்கி, நாடாவுக்கான நூல்குச்சிகள் போட்டுவைக்கும் தார்ப் பெட்டியைக் கிளறினாள். ஜரிகை சுற்றிய தார்க்குச்சிகளுக்கு நடுவே, ஜரிகையோடு ஜரிகையாக மின்னிக்கொண்டு கிடந்தது அது.

"கெடச்சிதா?"

"கெடச்சிது. வா கொல்லைக்கு."

"அடியே, புருஷன் உசுரு ஊசலாடுது, நீ எஞ்சின் ரிப்பேருக்குப் போறியா?"

"நீங்க பக்கத்துல இருங்க அண்ணி. கைய வுட்டுடாதீங்க."

இளங்கோவன் கீழ்க்காலைக் கழற்றினான். தையல்நாயகி சாவிக்குக் கிரீஸ் தடவித் தண்டின் பள்ளத்தில் ஒட்டினாள். "இதழெல்லாம் ஒரே பக்கமா சாயணும். திருப்பிக்கினே எறக்கு. அப்படித்தான் செய்வாரு."

"தையலு! மூச்சு ஒரு மாதிரி வாங்குதுடி!"

ஓடினாள். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதம் சில்லிட்டிருந்தது. காதருகே குனிந்து, "சாவி கெடச்சிட்டுது. தார்ப் பெட்டியில வச்சிட்டு என்னைத் தேட வுட்டீங்க" என்றாள். அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, வலியா, தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று கால் சொன்னது. எழுந்து போனாள்.

"நீங்க உள்ள இருங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

"பேசாத. போல்ட்டைப் புடி."

எஞ்சினின் கால் மறுபடி டிரம்முக்குள் இறங்கியது. இளங்கோவன் கயிற்றை இழுத்தான். இருமியது. மறுபடி இழுத்தான். இருமிக்கூடப் பார்க்கவில்லை. சோக்கைத் தள்ளிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில், நீலப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் நின்றது. மதில்மேல் தலைகள் முளைத்தன.

ஓட்டை உலர்ந்தே இருந்தது. தையல்நாயகி கண் கொட்டாமல் பார்த்தாள். இளங்கோவனின் கை நிறுத்துகிற பொத்தானுக்குப் போயிற்று.

"இரு."

ஒரு சொட்டு வந்தது. பிறகு ஒன்று துப்பியது. பிறகு நூல் பிடித்தாற்போல் நீர் வளைந்து விழத் தொடங்கியது. டிரம்மில் ஊறியிருந்த அரக்குச் சாயம் கரைந்து லேசான சிவப்பில் வந்தது. முதலில் சில்லென்று வந்து, போகப்போகச் சூடு ஏறியது. இரண்டு கையையும் குவித்து ஏந்திக்கொண்டு, வழி நெடுக ஒழுக விட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

"இன்னாடி இது, ரத்தமாட்டம்!"

"சாயம் அண்ணி. வழி வுடுங்க."

மீந்திருந்த நீரைச் சபாபதியின் விரல்கள்மேல் விட்டாள். சத்தம் சுவரெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, இழையின் முறுக்கைப் பார்ப்பதுபோல் ஈரத்தைத் தேய்த்துப் பார்த்தது.

"சூடா?"

"கொதிக்கல. வெதுவெதுன்னுதான் இருக்குது. நீங்களே பாருங்க."

"ம்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஒரு இடைவெளிக்குப் பின் அடுத்தது வரவில்லை. நீலாம்பாள் தம்பியின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இளங்கோவன் கொல்லை வாசற்படியில் வந்து நின்றான். பாயைப் பார்த்தான்.

"அக்கா... எஞ்சின நிறுத்தட்டுமா?"

"பொத்தான அமுத்தாத" என்றாள் தையல்நாயகி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பெட்ரோல் குழாய மட்டும் கழட்டிவுடு. உள்ள இருக்கறது தீந்து அதுவா நிக்கட்டும். மிச்சம் வச்சா பிசுக்கு கட்டிக்கும்னுவாரு."

அவன் போனான். எஞ்சின் அதே கதியில் ஓடியது. வாசலில் கூடிவிட்ட பெண்கள் அழவும் தெரியாமல், பேசவும் தெரியாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திடீரென்று அது ஒரு வேகம் எடுத்தது. ஒருத்தி திடுக்கிட்டாள்.

"அப்படித்தான் எடுக்கும்" என்றாள் தையல்நாயகி.

வேகம் இறங்கியது. ஒரு விக்கல், இன்னொரு விக்கல். நின்றது.

அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொல்லைக் கதவு வழியாக டிரம் தெரிந்தது. அதற்குள் தண்ணீர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.