சுத்தமான கிணறு

எங்கள் வேலையில் மாறாத முறை ஒன்று உண்டு. முதலில் சுத்தமான கிணறு, கடைசியில் அழுக்கான கிணறு. எல்லாக் கிணற்றிலும் ஒரே பம்புதான் இறங்கும். வரிசை மாறினால் ஒன்றின் விஷத்தை நாமே சுமந்துபோய் இன்னொன்றில் சேர்த்துவிடுவோம். மூடிக் கிடந்த முலாம் பூசும் ஆலையைச் சுற்றி மாதிரி எடுக்க வரிசை போட்டபோது, சுத்தமான கிணறு எது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆலை மதிலுக்கு மேட்டுப் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டுக் கிணறுதான். அழுக்கு பள்ளத்துக்குத்தானே போகும் என்று பொறியாளர்களும் தலையாட்டினார்கள்.

முந்தின நாள் ஆலை முற்றத்தில் மண் எடுத்தோம். துளைக்கருவியில் பச்சையும் மஞ்சளுமாக வந்தது. கழிவை வருஷக்கணக்கில் வெறும் தரையிலேயே ஊற்றியிருக்கிறார்கள், பாவிகள். மண்ணைக் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்தோம்.

மறுநாள் காலை பம்போடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"கூடப் பொறந்தவ வீட்டுக்குக் கையுறை மாட்டிக்கிட்டு வர்றவ நீ ஒருத்திதான்டி. என் கிணத்துல என்ன கெடக்கப் போகுது?"

"ஒண்ணும் இருக்காதுக்கா. அதனாலதான் இதை முதல்ல வச்சிருக்கேன். மத்த கிணறுங்களை இதோட ஒப்பிட்டுத்தான் பார்க்கணும்."

அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆறு மாத வயிற்றோடு வந்திருந்த மகளைக் கூப்பிட்டு, "கேட்டியா, நம்ம தண்ணிதான் ஊருக்கே அளவுகோலாம்!" என்றாள்.

பம்பை இறக்கி, முதலில் வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீட்டரில் எண்கள் ஆடாமல் நின்றபின் பாட்டிலை நிரப்பினேன். எங்களோடு ஆய்வுக்கூடத்துத் தூய நீரும் எப்போதும் வரும். அதையும் அங்கேயே ஒரு பாட்டிலில் ஊற்றி மூடுவோம். பிறகு அதில் அழுக்கு தெரிந்தால், தப்பு எங்கள் கைமேல் என்று அர்த்தம்.

இரண்டு பாட்டில்களையும் பெட்டியின் வெள்ளை மூடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கிணற்று நீர் மஞ்சளாக இருந்தது. வைக்கோல் ஊறிய தண்ணீர்போல மிக லேசான மஞ்சள். தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. எவர்சில்வர் டம்ளரில் தெரியவே தெரியாது. பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தேன். அப்போதும் மஞ்சள்தான். முந்தின நாள் ஆலை மண்ணில் வந்த அதே மஞ்சள்.

ஆய்வு முடிவு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி உத்தரவு. நியாயமான உத்தரவுதான். கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொன்னால் தெருவே பதறிப்போகும். பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது அக்கா எங்கள் டிரைவருக்குச் சொம்பை நீட்டினாள். "வெயில்ல நிக்கிறீங்களே தம்பி, குடிங்க."

அவர் அண்ணாந்து வாயருகே கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க!" கத்தியது நான்தான்.

அக்கா சிரித்தாள். "ஏண்டி, அவருக்கு நான் விஷமா குடுத்துட்டேன்?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாட்டில்களைப் பார்த்தாள். அவள் விவரமானவள். சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரோ ஒருத்தரை ஒரு மடக்கு குடிக்க விடமாட்டேங்குற. என் பொண்ணு வந்த நாள்லேருந்து இதைத்தானடி குடிக்கிறா."

"முடிவு வரணும்கா. ஆனா இனிமே ஒரு சொட்டுகூட வேணாம். சமையலுக்கும் வேணாம்."

அதற்குமேல் உத்தரவாவது மண்ணாங்கட்டியாவது. வண்டியிலிருந்த குடிதண்ணீர் கேனை நானே தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மற்ற கிணறுகளுக்கு அன்று போகவில்லை. எதை முதலில் வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

அடுப்படி வாசலில் அக்கா மகள் வயிற்றில் கைவைத்து நின்றிருந்தாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம். நானும் வரேன். இனிமே இந்தத் தண்ணியைத் தொடாம இருந்தா போதும்டா கண்ணு," என்றேன்.

"இனிமே சரி சித்தி," என்றாள். "ஏற்கெனவே குடிச்சது?"