விஜயப்பன் சாமியின் மாலை

"தொடாதே ஓமனா!" என்று சிவதாசன் குருசாமி அதட்டினார். கணவனின் கழுத்தை நோக்கி நீட்டிய அவள் கை அப்படியே நின்றது.

கூடத்தில் வாழையிலைமேல் விஜயப்பனைக் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் சபரிமலைக்குப் போட்ட துளசி மாலை. அதோடு எரிக்கக் கூடாது, யார் கழற்றுவது என்றுதான் காலையிலிருந்து வழக்கு.

"விரதத்துல போன உடம்பு. பெண்டாட்டி கை படக் கூடாது. நான் முங்கிட்டு வந்து கழட்டறேன்," என்று சொல்லிவிட்டுக் குருசாமி குளத்துக்கு நடந்தார்.

"என் தம்பி சாமியா வாழ்ந்தான், சாமியாவே போயிட்டான்," என்று நாத்தனார் வத்சலா மூக்கைச் சிந்தினாள். "மாசாமாசம் மாலை போட யாருக்கு மனசு வரும்?"

ஓமனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாலை ஏன் வந்தது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

விஜயப்பனுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் தீராத வீக்கம். அவளோடு சேர்ந்த இரவுகளில், முடிந்த மறுநிமிடம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவான். செங்ஙன்னூர் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார்: "தொத்தற நோயில்ல. நீங்க சேர்ந்து இருக்கறதால சுரப்பிக்கு ஒரு கெடுதலும் இல்ல, சில பேருக்கு வலி குறையக்கூடச் செய்யும். வலிச்சா வெந்நீர்த் தொட்டியில உட்காருங்க. எதையும் இவங்ககிட்ட மறைக்காதீங்க."

அவள் அன்றைக்கே பெரிய தொட்டி வாங்கினாள். அவன் அடுத்த வாரமே மாலை போட்டுக்கொண்டான்.

வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. மலைக்குப் போய்த் திரும்பியதும் அடுத்த மாலை. படுக்கை வாசலறையில். விரதக்காரர் ஊர்ப்பெண்களைக் கூப்பிடுவதுபோல அவளையும் "மாளிகப்புரம்" என்பான், கட்டிய பெண்டாட்டியை! ஐயப்பனோடு அவள் எப்படிச் சண்டை போடுவாள்? விடியுமுன் குளத்துப் பச்சைத் தண்ணீரில் முங்கி முங்கி வலியை வளர்த்ததுதான் மிச்சம். இன்றும் அந்தக் குளத்துப் படியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

"பக்தியுமில்ல, ஒண்ணுமில்ல சேச்சி," என்றாள் ஓமனா. "உங்க தம்பிக்கு என்கிட்ட வரப் பயம்."

"செத்த வீட்ல என்ன பேச்சுடி இது!"

"வேற எங்க பேசறது? உயிரோட இருந்தப்ப பேச விட்டாரா?"

ஓமனா தரையில் உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முடியில் சிக்கிய மாலையைப் பொறுமையாக விடுவித்துக் கழற்றினாள்.

ஈரத்துண்டோடு உள்ளே வந்த குருசாமி பதறிப்போனார். "ஐயோ, விரதம்!"

"முடிஞ்சிருச்சு சாமி," என்று மாலையை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெயிலில் கறுத்த அவன் கழுத்தில், மாலை கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஓமனா அதன்மேல் விரலை வைத்தாள். தூக்குவதற்கு நாலு பேர் வந்து நின்ற பிறகும் எடுக்கவில்லை.